ஓணான் பாட்டின் ஒரிஜினல்

புதுச்சத்திரத்துப் பக்கம் வெள்ளியங்கிரியின் கோழிப்பண்ணையைத் தேடிப் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காதை விரித்துக்கொண்டு போனால் போதும். தகரக் கூரைக்கு அடியில் இருந்து, சேற்றில் மாட்டிய காலை யாரோ உருவி உருவிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குக் கீழே வெறும் உரலில் இடிப்பதுபோல ஒரே தாளம். அதுதான் ஆசிட் ஹவுஸ் என்கிற மேல்நாட்டு ஆட்டப் பாட்டு. எங்கேயோ சிகாகோவில் சில பையன்கள், கடையில் விலைபோகாமல் கிடந்த ஒரு வெள்ளிநிற எலக்ட்ரானிக் வாத்தியப் பெட்டியை வாங்கி, அதன் திருகுகளைத் திருகக் கூடாத அளவுக்குத் திருகினார்கள். பெட்டி நெளிந்து நெளிந்து அழுதது. அந்த அழுகைக்கு உலகமே ஆடியது. முட்டை வாங்க வந்தவர்கள் மட்டும் ஆடவில்லை. சீக்கிரம் ஏத்தி விடுங்க என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நின்றுகொண்டார்கள்.

வெள்ளியங்கிரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய அபிப்பிராயத்தில் உலகத்துப் பாட்டுகள் மொத்தம் இரண்டு ஜாதி. ஒன்று, ஓணான் பாட்டு. மற்றது, ஓணான் பாட்டைக் கெடுத்தவை.

வாலிபத்தில் அவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். போர் போடுகிற கோபுரம் ஒரு லாரியில், காற்றடிக்கிற கம்பிரசர் இன்னொரு லாரியில் என்று ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. அப்படி ஒரு தடவை கோவாவில் வெள்ளைக்காரன் ஒருவன் வாடகைக்கு இருந்த வீட்டில் போர் போட்டார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் தென்னை உச்சியில் உட்கார்ந்திருந்த காக்காய் குளித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது என்று வெள்ளியங்கிரி சொல்வார். கேட்கிறவர் சும்மா இருந்தால், காக்காய் சோப்புக் கேட்டதாகவும் சொல்வார். அந்த வெள்ளைக்காரன்தான் கேசட்டை இரவல் கொடுத்தான். அட்டையில் ஓணான் படம் இருந்ததால் அவருக்கு அது ஓணான் பாட்டு. சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. வெள்ளியங்கிரி லாரி கேபினுக்குள் இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றைப் பாடவிட்டு, மற்றதைப் பதியவிட்டு, போர் போடப் போய்விட்டார். கேசட்டுக்குக் கேசட் ஏற்ற அன்றைக்கு ரிக்காரர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அந்த நகல் அவரோடு நாமக்கல்லுக்கு வந்தது. அவர் ரிக்கை விட்டுக் கோழிக்கு மாறியபோது அதுவும் மாறியது. கோழிப்பண்ணையில் எப்போதும் ஏதாவது சத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் லாரி ஹாரன் அடித்தாலே கோழிகள் அரண்டு முட்டையை நிறுத்திவிடும். மற்ற பண்ணைக்காரர்கள் ரேடியோ வைத்தார்கள். வெள்ளியங்கிரி ஓணான் பாட்டை வைத்தார். குஞ்சு வந்து இறங்கிய நாளில் இருந்து கிழடாகி லாரி ஏறுகிற நாள்வரை அவருடைய கோழிகள் வேறு சங்கீதம் கேட்டதில்லை.

அக்கம்பக்கத்தார் கூண்டுக்குள் இருக்கும் கோழிகளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவரோ உலகத்துக்காகப் பரிதாபப்பட்டார். ஏனென்றால் ஓணான் பாட்டை லண்டனில், பெர்லினில், டெட்ராயிட்டில் எல்லாம் ஆளாளுக்குப் பிரித்து மேய்ந்து ரீமிக்ஸ் போட்டிருந்தார்கள். தங்கை மகள் தனப்பிரியா அவற்றை எல்லாம் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வெள்ளியங்கிரி ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டார். திட்டுவதற்கு முழுசாகக் கேட்க வேண்டும் என்பதில் அவர் நேர்மையானவர்.

"எவனுக்கும் அந்த மணல் சத்தம் வரல பாரு சாமி," என்பார். "ஒரிஜினல்ல அடியில சர்ருனு ஒண்ணு ஓடிட்டே இருக்கும். கூடவே தடதடன்னு ஒரு இடி. அதுதான் பாட்டோட உசுரு. இவனுக அத்தனை பேரும் உசுர எடுத்துப்போட்டுத் தோலை வெச்சுப் படம் காட்டறானுக."

இந்த விவகாரம் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தனப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் வீதிக்கு வந்தது.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். பட்டு, பழம், தேங்காய் எல்லாம் தட்டுகளில் ஏந்தி, மேளத்தோடு ஊர்வலமாக மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். மேளம் மாமன் வீட்டுப் பொறுப்பு. வெள்ளியங்கிரிக்கும் மனைவி ஆத்தாயிக்கும் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவள் பழனியம்மாள் ஒருத்தி. அவளுக்குத் தனப்பிரியா ஒருத்தி. அவர் தலைமையில் ஒரு ஊர்வலம் நடக்கப் போவது இந்த ஜென்மத்தில் இது ஒரு தடவைதான். அதில் ஓணான் பாட்டு ஓடவேண்டும் என்று, தனப்பிரியா தொட்டிலில் கிடந்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார்.

இடைஞ்சல் என்னவென்றால், பெண்ணின் அப்பா ஜெகதீஸ்வரன் ராசிபுரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். மகள் கல்யாணத்தில் இன்னொருத்தன் சத்தம் கேட்டால் தன் தொழில் என்னாவது என்பது அவர் கவலை. போதாததற்கு அவரும் ஓணான் பாட்டுக்கு ஒரு ரீமிக்ஸ் செய்து வைத்திருந்தார்.

"மச்சான், ஊர்வலத்துக்கு நம்ம டிஜே வண்டியே வந்துருமுங்க," என்றார் ஜெகதீஸ்வரன், காபி குடிக்கிற சாக்கில். "லைட்டு, பொகை எல்லாம் அதுலயே இருக்குது. நீங்க தட்டத் தூக்கிட்டு முன்னால நடந்தாப் போதும்."

"நடக்கறதுக்கு நானு, பாட்டுக்கு நீயா? மாமன் சீருக்கு மேளம் மாமன் ஊட்டுதுதான் மாப்ள."

"மேளம்னாச் சரிங்க. நீங்க கொண்டாரது மேளமுங்களா? வயித்தால போற சத்தமாட்டல்ல இருக்குது."

"உன்ற ரீமிக்ஸ் மட்டும் என்னவாமா? நடுவுல நடுவுல 'ஜெகதீஸ்வரன் சவுண்டு சர்வீஸ், ராசிபுரம்'னு நீயே வந்து கத்தற. எளவு ஊட்டுல கூட ஆளுங்க அப்பிடி இடையில பூந்து பேரச் சொல்ல மாட்டாங்க."

"ரெண்டு கெரகமும் வேண்டாம்," என்றாள் பழனியம்மாள். "நாதஸ்வரம் வெச்சுக்கலாம்."

சபையில் சொல்லக் கூடாத வார்த்தையை அவள் சொல்லிவிட்டதுபோல இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பழனியம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தனப்பிரியா கால்நடை டாக்டர். கோழிகளோடு பழகியவள் என்பதால் மனிதர்களிடமும் பொறுமையாக இருப்பாள். "மாமா, உலகத்துலயே பாட்டுத் தெரிஞ்சது உங்க கோழி மட்டுந்தான்னு சொல்வீங்கல்லங்க? அப்ப அதுகளே தீர்ப்புச் சொல்லட்டும். காலைல முட்டை போடற நேரத்துல ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்க்கலாம். எதுக்கு முட்டை தடையில்லாம வருதோ, அதுதான் ஊர்வலத்துக்கு."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் விளையாட்டுக்குச் சொன்னது எதுவும் அதுவரை விளையாட்டாக முடிந்ததில்லை.

"ஆனா மச்சானோட கேசட்டக் கடைசியாத்தான் போடோணும்," என்றார் ஜெகதீஸ்வரன். "அது பழக்கி வெச்ச கோழிங்க. கள்ள ஓட்டு விழுந்துரும்."

வெள்ளியங்கிரி சம்மதித்தார். மற்றவை எல்லாம் தோற்பதை முதலில் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரன் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளோடு பண்ணைக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவின் வெள்ளாமைக் காட்டில் ஒரு ரிக் வண்டி கோபுரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. நாச்சிமுத்து கோடைக்குக் கோடை போர் போடுகிறவர். தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வந்திருக்கிறது. ரிக் ஆட்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அவர் பொழுதுபோகாமல் வேலியில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்க, கோழிக்கெல்லாம் கச்சேரியா?" என்றார். "எனக்குத் தண்ணி வந்தா வெடி போடலாம்னு இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

முதலில் லண்டன் ரீமிக்ஸ். ஓணான் பாட்டின் நெளிவை எல்லாம் இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்த்துவிட்டு, மேலே ஒரு பெண் குரலை ஏற்றியிருந்தார்கள். அவள் வார்த்தை எதுவும் சொல்லாமல் ஆ, ஊ என்றாள்.

"பல்வலி," என்றார் வெள்ளியங்கிரி. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறத உட்டுப்போட்டு மைக்கக் குடுத்திருக்கானுக."

கோழிகளும் கலங்கிப்போயின. ஒன்றிரண்டு ஓடில்லாத முட்டை போட்டன. ஒரு கோழி, போட்ட முட்டையைக் கம்பிக்கு வெளியே உருள விடாமல் காலால் தடுத்து, திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தது.

அடுத்தது பெர்லின் ரீமிக்ஸ். அதில் ஓணானே இல்லை. உரல் தாளம் மட்டும் இருந்தது. "பாட்டு எப்பத் தொடங்குமுங்க?" என்று வேலியில் இருந்து நாச்சிமுத்து கேட்டபோது பாட்டு முடிந்துவிட்டது. கோழிகள் அத்தனையும் ராணுவத்தில் சொன்னாற்போல ஒரே சமயத்தில் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டி நின்றன.

"சூளையில செங்கல் அடுக்கறவனுக்கு ஆகும்," என்றார் வெள்ளியங்கிரி. "அவனுக்கும் சாயங்காலம் தலைவலி வரும்."

டெட்ராயிட்காரர் வயலின் சேர்த்து மிருதுவாக்கியிருந்தார். "இது ஜவுளிக்கடை லிப்டுல ஓடறது. எந்த மாடின்னு மட்டுந்தான் சொல்லல," என்றார் வெள்ளியங்கிரி. கோழிகள் தூங்கின.

பிறகு ஜெகதீஸ்வரன் தன்னுடையதைப் போட்டார். பம்பை, உருமி, விசில், ஆம்புலன்ஸ் சத்தம், நடுநடுவே அவர் குரலில் ஊர் பேர், தொழில் பேர். கீழே எங்கேயோ ஓணான் மிதிபட்டுக் கிடந்தது. முட்டை நின்றது. மூலைக் கூண்டில் இருந்த வெள்ளைக் கோழி ஒன்று கழுத்தை நீட்டிச் சேவல் மாதிரி கூவியது. தனப்பிரியா தான் படித்த படிப்பில் இதற்கு இடமில்லை என்றாள்.

"அதுக்குப் புடிச்சிருக்குதுங்க," என்றார் ஜெகதீஸ்வரன்.

"காப்பாத்தச் சொல்லிக் கூப்புடுது மாப்ள."

ஜெகதீஸ்வரன் முகம் கறுத்துவிட்டது. சட்டைப் பையில் இருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்தார். "இன்னொண்ணு இருக்குதுங்க. யாருதுன்னு இப்பச் சொல்ல மாட்டேன். கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

பாட்டு தொடங்கியது. அதே நெளிவு, அதே தாளம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் துடைத்துவிட்ட தட்டு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. மணல் சத்தம் இல்லை. இடியும் இல்லை. கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. தெரிந்த ஆள் மீசையை எடுத்துவிட்டு வந்தால் பார்ப்போமே, அப்படி. முட்டை வரவில்லை.

"இருக்கறதுலயே கேவலம் இதுதான்," என்றார் வெள்ளியங்கிரி நிதானமாக. "மத்தவனுகளாவது தெரியாமக் கெடுத்தானுக. இவன் தெரிஞ்சே பண்ணியிருக்கான். எவன் இவன்? கையக் காலக் கழுவி, பவுடர் அடிச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். இவனையெல்லாம் நாலு நாளைக்கு ரிக்குல வேலைக்கு உடோணும்."

ஜெகதீஸ்வரன் இதற்காகத்தான் காத்திருந்தார். "இதுதானுங்க மச்சான் ஒரிஜினலு. பாட்டப் போட்டவங்க மொத மொதல்ல வெளியிட்டதுங்க. லண்டன்ல பழைய ரிக்கார்டு விக்கிறவங்ககிட்ட வாங்கினேன்."

வெள்ளியங்கிரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். அப்படியே தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஆத்தாயி அவரைப் பார்த்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து பாட்டுப் பேச்சுக்கு நடுவில் அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கியதை அவள் கண்டதில்லை. ஒரிஜினலையே கேவலம் என்று சொல்லிவிட்டதால் ஊர்வலம் கைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்கே புரிந்தது. ஜெகதீஸ்வரன் வெற்றியை மரியாதையாக அனுபவிப்பதற்காக, பாட்டை மறுபடியும் முதலில் இருந்து போட்டார்.

அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ரிக் ஆட்கள் இட்லியை முடித்துவிட்டுக் கை கழுவினார்கள். கம்பிரசர் உறுமியது. சர்ரென்று காற்று சீறியது. பாறையில் இரும்பு தடதடவென்று இறங்கியது.

பண்ணைக்குள் ஓணான் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. மணல் சத்தமும் இடியும் அச்சுப் பிசகாமல் வந்து அடியில் உட்கார்ந்துகொண்டன. கோழிகள் எல்லாம் திரும்பின. கொக் என்று ஒரு கோழி சொன்னது. அப்புறம் கம்பிகளின் மேல் முட்டைகள் உருண்டன பாருங்கள், பொறுக்கக் கை போதாமல் ஆத்தாயி முந்தானையை விரித்தாள். அன்றைக்கு முட்டை போடுகிற வயசைத் தாண்டிய கோழிகளும் போட்டதாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற வான்கோழி ஒன்று சும்மா இருக்க வெட்கப்பட்டு ஒன்று போட்டது. அது ஆண்.

தனப்பிரியா வேலிக்கு ஓடிப்போய், ரிக்கைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். திரும்பி வந்து மாமாவின் கேசட் பாட்டைப் போட்டாள். சர்ர். தடதட. நிறுத்தினாள்.

"மாமா, கோவாவுல இதப் பதியறப்ப ரிக்கு ஓடிட்டிருந்துச்சுங்களா?"

"பின்ன? எஞ்சினை அணைச்சா மேஸ்திரி தோலை உரிச்சிருவான்."

சொன்ன பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக லண்டனையும் பெர்லினையும் வைதுகொண்டிருந்தது திருச்செங்கோட்டுக் கம்பிரசருக்காக என்பது தெரிந்த பிறகு ஒரு மனுசன் என்ன செய்வான்? வெள்ளியங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப அந்த வெள்ளைக்காரனுக பாட்டுப் போடறப்ப ரிக்கு வெக்க மறந்துட்டானுக," என்றார். "அவனுக பண்ணுன தப்புக்கு நான் என்ன பண்றது?"

ஜெகதீஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரிங்க மச்சான். தீர்ப்புன்னாத் தீர்ப்பு. உங்க கேசட்டே ஊர்வலத்துல ஓடட்டும். என்ற பெட்டியிலயே போடறேன்."

"கேசட்டா?" வெள்ளியங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நேர்ல கேட்டதுக்கப்பறம் அந்த நகலை எவன் கேப்பான்? கம்பிரசர் சத்தம் அதுல டப்பாவுக்குள்ள உளுந்த தேளாட்டம் இருக்குது. மாப்ள, உன்ற பாட்ட நீ போடு. நான் ரிக்கு கொண்டாரேன்."

கொண்டுவந்தார். நாச்சிமுத்து காட்டில் வழக்கம்போலப் புகைதான் வந்தது. "என்ற காட்டுல பாட்டுத்தான் கெடைச்சுது, கொண்டுட்டுப் போங்க," என்று நாச்சிமுத்துவே வண்டியை அனுப்பிவைத்தார். பாறையில் இரும்பு இறங்கினால்தான் இடி வரும் என்பதால் மண்டபத்தில் போர் போட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மண்டபத்து மேனேஜர் இளஞ்செழியன் லாரித் தண்ணீர் வாங்கியே நொந்துபோனவர். "கார் நிறுத்தற மூலையில போட்டுக்கங்க. ஏற்கெனவே ரெண்டு எடத்துல போட்டுத் தூளுதான் வந்துது. இதுலயும் வராது, பயப்படாதீங்க," என்றார்.

கல்யாணத்தன்று சீர் ஊர்வலம் மண்டபத்து வளைவைத் தொட்டது. ஜெகதீஸ்வரனின் டிஜே வண்டி, மீசை எடுத்த ஓணான் பாட்டைப் பாடியது. பட்டுத் தட்டோடு முன்னால் நடந்த வெள்ளியங்கிரி, மூலையில் நின்ற ரிக் ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சர்ர் என்று காற்று சீறியது. தடதட.

பாறைத் தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பி மண்டபத்தை மூடியது. மாப்பிள்ளை வீட்டார் மாவு மில்லில் இருந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, இது எந்த ஊர் வழக்கம் என்று இருமலுக்கு இடையில் விசாரித்தார். வெள்ளியங்கிரிக்கு எதுவும் காதில் விழவில்லை. சேற்றில் இருந்து கால் உருவுகிற சத்தமும், உரல் இடியும், மணல் ஓட்டமும் ஒன்றாகி அவருக்கு முன்னால் நடந்தன. அவர் ஆடவில்லை. வலது காலின் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் ஏறி இறங்கியது. அவர் வாழ்க்கையில் ஆடியது அவ்வளவுதான் என்பதும், அது எவ்வளவு பெரிய ஆட்டம் என்பதும் பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நடந்த ஆத்தாயிக்குத் தெரியும்.

மண்டப வாசற்படியில் கால் வைக்கப் போகிற நேரம். சர்ர் என்பது கொர்ர் ஆயிற்று. கொர்ர், களக் ஆயிற்று. அப்புறம் பூமிக்குள் இருந்து தண்ணீர் கிளம்பி, ரிக் கோபுரத்தைத் தாண்டி, மண்டபத்துப் பெயர்ப் பலகையைக் கழுவி, வாழைமரத்தை வளைத்து, வெள்ளையாக நின்ற சம்பந்தி வீட்டாரை எல்லாம் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தது. இளஞ்செழியன் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அதன் கீழே நின்று அழுதார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எச்சில் கையோடு வந்து பார்த்தார்கள். விருந்துக்கு வந்திருந்த நாச்சிமுத்து மட்டும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கோடைக்குக் கோடை துளைத்த தன் காட்டை நினைத்து வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

"மச்சான், தண்ணிங்க," என்று ஜெகதீஸ்வரன் வெள்ளியங்கிரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உங்க புண்ணியத்துல தண்ணி வந்துருச்சுங்க."

வெள்ளியங்கிரி நனைந்த பட்டுத் தட்டை ஆத்தாயியிடம் கொடுத்துவிட்டு, மூலையைப் பார்த்து நின்றார். மணல் ஓட்டம் போய்விட்டது. இடியும் போய்விட்டது. தண்ணீர் கொழகொழவென்று வாந்தி எடுக்கிற சத்தம் மட்டும் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாப் போயிட்டிருந்துச்சு ஆத்தாயி," என்றார். "ரீமிக்ஸ் பண்ணிப்போட்டானுக."